தபால்காரர் ஒருவரின் வாழ்க்கையை எழுதி வைப்பது எப்படி: அவர் தபால் கொடுக்கப் போன வழியே போங்கள்

அப்பா இறந்த அன்று மதியத்துக்குள் தெருமுனையில் பிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். அதில் அப்பா கோட் சூட்டில் இருந்தார். வேலைக்குக் காக்கி, வீட்டில் சாரம், விசேஷத்துக்கு வேட்டி, இந்த மூன்றையும் தவிர நான்காவது உடுப்பை அறியாத மனிதர். பிளெக்ஸ் கடையில் ஒரு கோட்டைத் தயாராக வைத்திருப்பார்களாம், முகத்தை மட்டும் வெட்டி ஒட்டினால் போதுமாம். கீழே பெரிய எழுத்தில் "இமயம் சரிந்தது". டீக்கடைக்காரர் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சிக்கு யாரு இந்த உடுப்பத் தச்சுக் கொடுத்தா?" என்று கேட்டதில், அழுதுகொண்டிருந்த நானே சிரித்துவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குள் நாலு பக்கத்தில் ஒரு நினைவு மலராவது போட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். ராத்திரி உட்கார்ந்து எழுதியும் விட்டேன். அன்பானவர், எளிமையானவர், எல்லோரிடமும் சிரித்த முகத்தோடு பழகுபவர், கடமை தவறாதவர், நல்ல குடும்பத் தலைவர். பெரியப்பா மகன் வாங்கிப் படித்துவிட்டு, "பேரை மட்டும் மாத்தினா எங்க அப்பாவுக்கும் இதையே போட்டுக்கலாம் போல இருக்கே" என்றான். பெரியப்பா அரிசி மில் நடத்தியவர், பேசவே யோசிப்பார், சிரித்து யாரும் பார்த்ததில்லை. காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். பதினாறாம் நாள் ஒன்றும் வரவில்லை. முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குத்தான் புத்தகம் வந்தது, முப்பத்தாறு பக்கம். இடைப்பட்ட மாதங்களில் பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஓய்வுபெற்ற போஸ்ட்மேன் ஒருவர் இருந்து மறைந்திருந்தால், அல்லது நல்லவேளையாக இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருந்தால், உதவும். இருக்கும்போதே ஆரம்பிப்பதுதான் நல்லது. நான் அதைச் செய்யவில்லை.

முதலில் வீட்டைக் காப்பாற்றுங்கள். அதாவது, வீட்டில் இருக்கிற காகிதத்தை. துக்கம் நடந்த வீட்டில் பத்து நாளுக்குள் யாராவது ஒரு அத்தையோ சித்தியோ சுத்தம் செய்யக் கிளம்பிவிடுவார்கள், தப்பு சொல்ல முடியாது, வருகிற ஆட்களுக்கு உட்கார இடம் வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு சாக்கு பழைய பேப்பர்காரரிடம் கிலோ கணக்கில் போய்விட்டது. சங்கத்து நோட்டீஸ், மாறுதல் உத்தரவு, வழியனுப்பு விழாவில் எடுத்த குரூப் போட்டோ எல்லாம் அதற்குள் இருந்திருக்க வேண்டும். பிழைத்தது ஒரே ஒரு பாக்கெட் நோட்டு, அதுவும் தையல் மெஷினின் ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுக்க வைத்திருந்ததால். அதில் அப்பாவின் பொடி எழுத்தில், ஊரை விட்டுப் போனவர்களின் புது விலாசம் வரிசையாக இருந்தது. "கீழத்தெரு கடைசி வீட்டு ஆச்சி, இப்போது மகள் வீடு, பாளையங்கோட்டை." "தச்சாசாரி மகன், தாராவி, 400017." யாரும் இவரை எழுதி வைக்கச் சொல்லவில்லை. விலாசம் மாறியவருக்குத் தபால் வந்தால் திருப்பி அனுப்பாமல் புது இடத்துக்குத் தள்ளிவிட வேண்டும் என்று அவராக வைத்துக்கொண்ட கணக்கு. என் முப்பத்தாறு பக்கத்தில் பாதி இந்த நோட்டிலிருந்து கிளம்பியதுதான்.

அதனால் முதல் வேலையாக ஒரு டிரங்குப் பெட்டியோ அட்டைப் பெட்டியோ எடுத்து, பை, சைக்கிள் மணி, மூக்குக் கண்ணாடி, டைரி, கிழிந்த ரசீது வரை எல்லாவற்றையும் போட்டுப் பூட்டி, சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பிரித்துப் பார்ப்பதை அப்புறம் செய்யலாம். ஆபீஸ் முத்திரை மாதிரி ஏதாவது கிடைத்தால் அது துறைக்குச் சொந்தம், திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். யாருக்கோ போய்ச் சேராத தபால் ஒன்று கிடைத்தால், கதை கிடைத்தது என்று சந்தோஷப்பட்டுப் பிரிக்காமல் அதையும் ஆபீசில் சேர்த்துவிடுங்கள்.

அதே வாரத்தில் செய்ய வேண்டிய வறட்டு வேலைகளும் இருக்கின்றன, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்து சான்றிதழை நாலைந்து பிரதி வாங்குங்கள். பென்ஷன் வாங்கியவர் என்றால் பி.பி.ஓ. புத்தகத்தை, அதாவது ஓய்வூதியம் வழங்கச் சொல்லும் உத்தரவுப் புத்தகத்தை, தேடி எடுத்து, அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்கு எழுதிக் கொடுங்கள். இந்த வேலையில் ஒரு லாபம் உண்டு: பி.பி.ஓ.வில் பிறந்த தேதி, பணியில் சேர்ந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி எல்லாம் கிடைத்துவிடும். ஆனால் அந்தச் சேர்ந்த தேதியை அப்படியே நம்பி எழுதிவிடாதீர்கள். நிறைய தபால்காரர்கள் முதலில் ஈ.டி.யாக, அதாவது துறைக்குப் புறம்பான ஊழியராக, சொற்பச் சம்பளத்துக்குப் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, அப்புறம் பரீட்சை எழுதியோ சீனியாரிட்டியிலோ போஸ்ட்மேன் ஆனவர்கள். இப்போது கிராமின் டாக் சேவக் என்று பெயர் மாறியிருக்கிறது, பெயர் மட்டும்தான் பெரிதாக மாறியது என்று அந்த வேலையில் இருக்கிறவர்கள் சொல்வார்கள். ஈ.டி. காலம் பென்ஷன் கணக்கில் வராது, அதனால் காகிதத்திலும் வராது. எங்கள் அப்பாவுக்கு அப்படி விட்டுப்போனது பதினோரு வருடம். அந்தப் பதினோரு வருடத்தில்தான் அவருக்குக் கல்யாணம் ஆகி, நான் பிறந்து, தம்பி பிறந்து, பாட்டி செத்துப்போனாள். பி.பி.ஓ.வை மட்டும் பார்த்து எழுதியிருந்தால் எங்கள் குடும்பத்தில் பாதி ஆட்கள் காணாமல் போயிருப்பார்கள். விட்டுப்போன வருடங்களுக்கு அவரோடு வேலை பார்த்தவர்களிடமும் சங்கத்துக்காரர்களிடமும்தான் போக வேண்டும். சங்கத்துக்காரர்களுக்கு யார் எந்த வருடம் எங்கே இருந்தார் என்பது மனப்பாடம், டீ வாங்கிக் கொடுத்தால் போதும்.

இப்போது முக்கியமான விஷயம். ஒரு தபால்காரரின் வாழ்க்கையைப் பிறந்த தேதியில் ஆரம்பித்து இறந்த தேதியில் முடிக்காதீர்கள், அவருடைய பீட்டில் ஆரம்பியுங்கள். பீட் என்றால் அவருக்கென்று ஒதுக்கிய தெருக்கள், அவர் தினமும் போய்வந்த பாதை. காலையில் பஸ்ஸில் வரும் பையைப் பிரித்து, முத்திரை குத்தி, பிரித்துப் போட்டதும், ஒவ்வொரு தபால்காரரும் தன் கட்டை எடுத்துக் கால் போகிற வரிசையில் அடுக்குவார். முதல் வீட்டுத் தபால் மேலே, கடைசி வீட்டுத் தபால் அடியில். இந்த அடுக்குதான் அவர் மனசுக்குள் இருந்த ஊர் வரைபடம். உங்கள் புத்தகத்தையும் அதே வரிசையில் அடுக்கினால், "சேவை மனப்பான்மை" போன்ற வார்த்தைகளுக்கு வேலையே இருக்காது.

நான் அந்தப் பீட்டை நடந்து பார்த்தேன். அப்பாவைப் போல சைக்கிளில் போக எனக்குத் தெம்பில்லை. இப்போது அந்த வழியில் டெலிவரி செய்கிற பெண்ணிடம் கேட்டேன், "வாங்கக்கா, ஆனா நான் நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கூட்டிப் போனாள். அவள் கையில் போன், அதில்தான் கையெழுத்து. ஆபீசிலிருந்து கிளம்பி, பெருமாள் கோவில் தெரு, பீடிக்கடைச் சந்து, வாய்க்கால் பாலம், அப்புறம் அரை மணி நேரத்துக்கு வயல் வரப்பு, அதற்கு அந்தப் பக்கம் காலனி. மொத்தம் எவ்வளவு தூரம் என்று போனில் அளந்தேன், ஒன்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. மழைக்காலத்தில் பாலம் முங்கினால் சுற்று வழி, அது இன்னும் மூன்று. இதை எழுதும்போது "வெயில் மழை பாராமல் உழைத்தார்" என்ற வரியை அடித்துவிட்டு அந்த மூன்று கிலோமீட்டரை எழுதினேன்.

குன்னூரில் 2020ஆம் ஆண்டு ஓய்வுபெற்ற தபால்காரர் சிவனைப் பற்றிப் படித்திருப்பீர்கள், தினமும் 15 கிலோமீட்டர் காட்டுக்குள் நடந்து போய்த் தபால் கொடுத்தவர், யானையும் கரடியும் துரத்தியிருக்கின்றன என்று நாடு முழுக்கப் பேசினார்கள். அது ஏன் அத்தனை பேர் மனதில் நின்றது என்றால் அதில் யானை இருந்தது, தூரம் இருந்தது, "அர்ப்பணிப்பு" என்ற சொல்லால் இல்லை. எல்லாத் தபால்காரரையும் யானை துரத்தியிருக்காது என்பது வாஸ்தவம்தான். எங்கள் அப்பாவைத் துரத்தியது பண்ணையார் வீட்டு வான்கோழி. அதை எழுதினேன். ஊரில் அந்தப் பக்கத்தைத்தான் அதிகம் பேர் படித்தார்கள்.

பீட்டில் போகும்போது ஆட்களிடம் என்ன கேட்கிறீர்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது. "அப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுஷன்" என்பார்கள், அதற்கு மேல் நகராது. முதல் நாள் பதினாறு வீட்டில் கேட்டேன், பதினான்கு தங்கம், ஒரு சொக்கத் தங்கம், ஒரு வீடு பூட்டியிருந்தது. மறுநாள் கேள்வியை மாற்றினேன். உங்க வாசல்ல எந்த இடத்துல நிப்பாங்க? தண்ணி கேப்பாங்களா, மோரா? அவங்க கொண்டு வந்ததுல இன்னும் நீங்க வச்சிருக்கிற தபால் எது? உங்க வீட்டு நாய் அவங்களைக் கண்டா என்ன செய்யும்? எந்தத் தபாலைக் கையில கொடுக்காம ஓரமா நின்னு வாயால சொன்னாங்க? கடைசிக் கேள்விக்கு அநேகமாக எல்லா வீட்டிலும் பதில் இருந்தது.

இந்தத் தலைமுறைக்கு அது புரியாது என்பதால் உங்கள் புத்தகத்தில் விளக்கிவிடுங்கள். கல்யாணக் கடிதம் என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி வரும். துக்கக் கடிதத்துக்குக் கறுப்பு. அதை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள், வாசலிலேயே படித்துவிட்டு அங்கேயே கிழித்துப் போட்டுவிடுவார்கள். அதனால் தபால்காரர் அப்படி ஒன்று கையில் இருந்தால் வாசலில் மணியடிக்க மாட்டார். எங்கள் அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வருவாராம். "அண்ணாச்சி சைக்கிள்ல ஏறாம நடந்து வந்தாலே வயித்தக் கலக்கும்" என்று ஒரு ஆச்சி சொன்னார். நாற்பது வருடம் அதே வீட்டில் வளர்ந்த எனக்கு இது தெரியாது.

இன்னொரு ஆளைக் கட்டாயம் தேடிப் பிடியுங்கள்: சாட்சி. முதியோர் பென்ஷன் பணம், ஓ.ஏ.பி. என்பார்கள், வங்கிக்கு மாறுவதற்கு முன்னால் மணியார்டராகத்தான் வீட்டுக்கு வந்தது. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கைநாட்டு. கைநாட்டு என்றால் பக்கத்தில் எழுதத் தெரிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு தபால்காரருக்கும் இதற்கென்றே தெருவுக்கு ஒரு ஆள் இருந்திருப்பார், டீக்கடைக்காரர், சத்துணவு ஆயா, ஸ்கூல் வாத்தியார் என்று. எங்கள் ஊரில் அது மேலே சொன்ன அதே டீக்கடைக்காரர். அவர் சொன்னது இது: அப்பா மைப்பெட்டியைத் திறந்து, ஆச்சியின் கட்டைவிரலைத் தன் இரண்டு விரலால் பிடித்து, மையில் ஒரு தரம் உருட்டி, மணியார்டர் பாரத்தில் உருட்டி எடுத்துவிட்டு, பணத்தை எண்ணி அவர் உள்ளங்கையில் வைத்து, மறுபடியும் அவரையே எண்ணச் சொல்வார். எண்ணத் தெரியாதவரிடம் நோட்டை ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பிக் காட்டுவார். விரலில் ஒட்டிய மையை ஆச்சிகள் தலைமுடியில் துடைத்துக்கொள்வார்கள். அப்பா சட்டை ஓரத்தில் துடைத்துக்கொள்வார். அப்பாவின் காக்கிச் சட்டையில் வலது பக்கம் மட்டும் ஏன் எப்போதும் ஊதாக் கறை என்று அம்மா வாழ்நாள் முழுக்கத் திட்டிக்கொண்டே துவைத்தாள். பேனா கசிகிறது என்றுதான் இவர் அவளிடம் சொல்லியிருக்கிறார்! ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை, அதை அப்படியே எழுதிவிட்டேன்.

யாருக்கும் வருடம் நினைவிருக்காது. "அது ஒரு இருவது வருசம் இருக்கும்" என்பது கிராமத்துக் கணக்கில் பத்திலிருந்து நாற்பது வரை எதுவாகவும் இருக்கலாம். அதற்குத் தபால் துறையே நமக்கு ஆணி அடித்து வைத்திருக்கிறது, அதில் மாட்டுங்கள். பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. தபாலும் தந்தி-டெலிபோனும் தனித்தனித் துறையாகப் பிரிந்தது 1985. நாடு முழுக்கத் தபால் ஸ்ட்ரைக் நடந்து பையெல்லாம் தேங்கிக் கிடந்தது 2000 டிசம்பர். தந்தி நின்றது 2013 ஜூலை. பழைய காகித மணியார்டர் முடிந்தது 2015. ரெஜிஸ்டர் தபால் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்தது 2025. "நீங்க சொல்றது தந்தி நின்னதுக்கு முன்னயா பின்னயா?" என்று கேட்டால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். தபால் சம்பந்தமே இல்லாத ஆணிகளும் உண்டு, எம்.ஜி.ஆர். செத்த வருசம், சுனாமி வருசம். இப்படி முன்பின் வைத்துப் பார்த்ததில்தான், பம்பாயிலிருந்து வந்த மணியார்டர்களும் கல்ஃபிலிருந்து ரெஜிஸ்டர் கவரில் வந்த டிராஃப்ட்டுகளும் எங்கள் ஊரில் எந்தத் தெருவை எப்போது மச்சு வீடாக்கின என்பது எனக்கே விளங்கியது. அப்பாவின் பையைப் பின்தொடர்ந்து போனால் ஊரின் பொருளாதாரம் தெரிந்துவிடும். அதில் ரொம்ப இறங்கிவிடாதீர்கள், நான் இறங்கி இருபது பக்கம் எழுதி, தம்பி சொன்ன பிறகு பதினெட்டைத் தூக்கிப் போட்டேன்.

பேசுவதைப் போனில் பதிவு செய்யும்போது அன்றன்றைக்கே வேறொருவருக்கும் அனுப்பி வையுங்கள். என் போன் ஒரு தடவை தண்ணீரில் விழுந்தது. அவ்வளவுதான் சொல்வேன்.

வீட்டுப் பக்கம் வருவோம். இதுதான் கஷ்டம், நமக்குத் தெரியும் என்று நினைப்பதால். "பாசமான அப்பா, அன்பான கணவர்" என்று எழுதத் தோன்றினால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவர் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் பத்து நிமிடம் என்ன செய்வார் என்பதை மட்டும் எழுதிப் பாருங்கள். எங்கள் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, பித்தளைப் பேசினில் உப்பு போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "613?" என்பார். தஞ்சாவூர். "643?" நீலகிரி. "605?" என்றால் தம்பி எப்போதும் கடலூர் என்று தப்பாகச் சொல்லுவான், அது பாண்டிச்சேரி. பூகோளப் பாடத்தில் நான் எடுத்த மார்க் எல்லாம் அந்தப் பேசின் பக்கத்தில் எடுத்தது. வெந்நீர் ஆறும் வரைதான் விளையாட்டு, ஆறியதும் அன்றைய கணக்கு, ஐந்து ரூபாய் உதைத்தாலும் தூக்கம் வராது அவருக்கு.

அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள், பிள்ளைகள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொண்டு இல்லாமல். முடிந்தால் அவர் ஏதாவது கைவேலை செய்துகொண்டிருக்கும்போது. எங்கள் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொன்னதை உட்கார வைத்துக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கவே மாட்டாள். பொங்கலுக்கு முந்தின பத்து நாளும் அப்பா வீட்டில் இருந்ததே இல்லை, வாழ்த்து அட்டை மூட்டை மூட்டையாக வரும், ராத்திரி வரை பிரிப்பார்கள். ஊருக்கெல்லாம் கரும்பும் மாடும் போட்ட அட்டையைக் கொடுத்துவிட்டு, போகி அன்று ராத்திரி கரும்பே கிடைக்காமல் வெறுங்கையோடு வருவார். ஒரு வருடம் அம்மா கோபத்தில் பேசாமல் இருந்தாளாம். மறு வருடம் மார்கழியிலேயே ஒரு கட்டுக் கரும்பை வாங்கிக் கொல்லையில் சாய்த்து வைத்தாராம், பொங்கலுக்குள் அது காய்ந்து விறகாகிவிட்டது. இதைச் சொல்லிவிட்டு அம்மா கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

எனக்கு நானே கேட்டு எடுத்தது ஒன்று. பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் இருந்தபோது முதல் மாதம் அப்பாவுக்கு ஒரு இன்லேண்ட் கடிதம் எழுதினேன். எங்கள் தெருவும் அவர் பீட்டில்தான். ஆபீசிலேயே அதைப் பார்த்திருப்பார், பிரித்துப் படித்திருக்கலாம், அவர் பேருக்கு வந்ததுதானே. படிக்கவில்லை. எங்கள் வீட்டு முறை வரும் வரை, அடுக்கில் அதன் இடத்தில் வைத்து, மூன்று தெரு சுற்றிவிட்டு, எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தி மணியடித்து, "போஸ்ட்!" என்று கத்தியிருக்கிறார். அம்மா ஈரக் கையோடு வெளியே வந்து, "என்ன இது கூத்து" என்றிருக்கிறாள். "ஒம் மக காயிதம் போட்டிருக்கா. எனக்கு இன்னும் டெலிவரி கெடக்கு, பிரிச்சுராத, சாயங்காலம் சேர்ந்து படிப்போம்" என்று கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். இப்படி ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கும். அது கிடைக்கும் வரை வீட்டுப் பகுதியை எழுத ஆரம்பிக்காதீர்கள்.

இனி எதை எழுதக் கூடாது என்பது. தபால்காரருக்கு ஊர் ரகசியம் முழுக்கத் தெரியும். போஸ்ட் கார்டில் ஒட்டுவதற்கு ஒன்றுமில்லை, விஷயம் திறந்தபடியே பையில் கிடக்கும். நகை ஏல நோட்டீஸ் எந்த வீட்டுக்கு வந்தது, கோர்ட் கடிதம் யாருக்கு, வேலை கிடைக்கவில்லை என்ற கடிதம் எந்தப் பையனுக்கு எத்தனை முறை, எல்லாம் தெரிந்தும் அவர் வாயைத் திறக்காமல் இருந்தார் என்பதுதான் அவருடைய பெருமை. அவர் முப்பது வருடம் கட்டிக் காத்ததை நாம் நினைவு மலரில் போட்டு உடைத்தால் எப்படி? ஆளே தாமாகச் சொன்னால் தவிர, அதுவும் அச்சுக்கு முன் ஒரு முறை படித்துக் காட்டிச் சம்மதம் வாங்கினால் தவிர, வேண்டாம். ஒருவர் தன் ஏல நோட்டீஸ் கதையைத் தானே எழுதச் சொன்னார், அப்பா அதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்க்காமல் எல்.ஐ.சி. கவருக்கு அடியில் மறைத்துக் கொடுத்தாராம். பெயரில்லாமல் போட்டேன்.

அப்பாவின் தப்புகள் வேறு விஷயம். அவற்றை எழுதலாம், எழுதத்தான் வேண்டும் என்பேன், ஒரு தப்பும் இல்லாத ஆளை யாரும் நம்ப மாட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு வீட்டில் கல்யாணம், பந்தல் போட்டாகிவிட்டது, அன்று காலைக் கட்டில் அந்த வீட்டுக்கு ஒரு கறுப்பு மைக் கடிதம், பெண்ணின் தாய்மாமா வடக்கே எங்கோ இறந்த செய்தி. அப்பா அதை அன்று கொடுக்கவில்லை. தாலி ஏறிய மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தார். துறை விதிப்படி அது தப்பு, தபாலை ஒருநாள்கூடத் தேக்கக் கூடாது. அந்த வீட்டுப் பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம், ஆனால் அவர் மகன், "எங்க மாமா சாவை மறைக்க நீ யாரு" என்று கேட்டு நான்கு வருடம் அப்பாவோடு பேசவில்லை. ஊரில் பாதிப் பேர் இதைப் புண்ணியம் என்கிறார்கள். அந்த மகனிடமே போய்க் கேட்டேன், இப்போது அவருக்கும் நரைத்துவிட்டது. "எழுதுங்க. ஆனா நான் சொன்னதும் சரிதான்னு எழுதுங்க" என்றார். இரண்டையும் எழுதினேன். எந்தப் பக்கம் நியாயம் என்று நான் ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை, நீங்களும் சேர்க்காதீர்கள்.

எழுதுகிற விதத்தைப் பற்றி என்னிடம் பெரிய ஞானம் கிடையாது. ஆட்கள் சொன்னதை அவர்கள் வாய்மொழியிலேயே விடுங்கள், "காயிதம்" என்றால் "கடிதம்" என்று திருத்தாதீர்கள். பெரியவர்கள் மரபுப்படி முதல் பக்கத்தில் தோற்றம், மறைவு தேதி போட்டுப் படமும் போடச் சொல்வார்கள், போட்டுவிடுங்கள், அதில் சண்டை பிடித்துப் பயனில்லை. படம் மட்டும் காக்கிச் சட்டையில் இருக்கட்டும். யாழ்ப்பாணத்தில் 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு என்றும் நினைவு மலர் என்றும் அச்சடித்துக் கொடுக்கிற பழக்கம் இருக்கிறது, தேவார திருவாசகத்தோடு வாழ்க்கைக் குறிப்பும் சேர்ந்து வரும். யாராவது தெரிந்தவர்கள் வீட்டில் ஒன்று இருந்தால் வாங்கிப் பாருங்கள், குடும்பத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பதற்கு நல்ல மாதிரி. பேரப் பிள்ளைகளுக்கும் ஒரு பக்கம் கொடுங்கள். என் தம்பி மகள் எழுதியது மூன்றே வரி, தாத்தா ரிட்டயர் ஆன பிறகும் பதினோரு மணியானால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போவார், எங்கே என்று கேட்டால் "டெலிவரிக்கு" என்பார், பை மட்டும் இருக்காது.

கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேச வேண்டியிருந்தால் மொத்தத்தையும் சொல்ல முயலாமல் பீட்டில் ஒரே ஒரு வாசலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் மைப்பெட்டியை எடுத்துக்கொண்டேன்.

அச்சுக்கு இருநூறு பிரதி போதும், நாங்கள் ஐந்நூறு அடித்துவிட்டு அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறோம். ஊருக்குள் கொடுக்க வேண்டியதைப் பீட் வரிசையில் நானும் தம்பியும் நடந்தே கொடுத்தோம், ஆபீசிலிருந்து ஆரம்பித்துக் காலனியில் முடித்தோம், மோர் குடித்துக் குடித்து வயிறு உப்பிவிட்டது. வெளியூருக்குப் போக வேண்டியவற்றுக்கு அந்தப் பாக்கெட் நோட்டில் இருந்த விலாசங்களையே எடுத்து எழுதினேன். கூரியர் வேண்டாம், தபாலிலேயே போடுங்கள், இதில் மட்டும் நான் பிடிவாதம். விலாசத்தைக் கையால் எழுதுங்கள், அனுப்புநர் விலாசத்தை மறக்காதீர்கள், சேராமல் போனதாவது திரும்பி வரும். நாங்கள் அனுப்பிய ஐம்பத்திரண்டில் ஆறு அப்படித் திரும்பி வந்தது, அதில் நாலு தாராவி.

முதல் கட்டை ஒட்டி முடித்து அம்மாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலே இருந்த கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பின்கோடு எங்கட்டி? ஒங்க அப்பா பாத்தா இதைத்தான் மொதல்ல கேப்பாக" என்றாள். ஐம்பத்திரண்டு கவரிலும் திரும்ப உட்கார்ந்து எழுதினேன்.